கண்ணும் மூளையும்: ஒரு கட்டியின் வரலாறு

1597-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு உடற்கூற்று அறிஞர் பீட்டர் பாவ் என்பார், மூன்று வயதுக் குழந்தையொன்றின் இடக்கண்ணில் வளர்ந்திருந்த பெருங்கட்டியை ஆய்ந்து ஒரு குறிப்பு எழுதி வைத்தார். கட்டியைத் திறந்தபோது மூளைச் சதையை ஒத்த பொருளும், கெட்டியான குருதியும், நொறுக்கிய கல் போன்ற துகள்களும் உள்ளே கலந்து கிடந்தன என்பது அக்குறிப்பின் சாரம். விழித்திரைப் புற்றுக்கட்டியைப் பற்றிய முதற்குறிப்பு இதுவே என மருத்துவ வரலாற்றாசிரியர் கொள்வர். கல் போன்ற துகள்கள் என்று அவர் கண்டவை சுண்ணாம்புப் படிவுகள். இன்றைய மருத்துவரும் இக்கட்டியை இன்னதென அறிவதற்கு அப்படிவுகளைத் தேடுகின்றனர். எனினும் அக்குறிப்பில் நம் கவனத்தை ஈர்ப்பது முதலிற் சொல்லப்பட்ட பொருளே. கண்ணுக்குள் மூளையைப் போன்ற ஒன்று எவ்வாறு வந்தது?

கரு வளரும் முறையை அறிந்தோர்க்கு இதன் முதற்பாதி விளங்காத ஒன்றன்று. தாயின் வயிற்றில் நான்காம் வாரத்தில், கருவின் முன்மூளையிலிருந்து இருபுறமும் இரண்டு சிறு பைகள் புடைத்து வெளியே வருகின்றன. அவையே பின்னர்க் கிண்ண வடிவாகக் குழிந்து விழித்திரையாகின்றன. பைகளின் காம்பு பார்வை நரம்பாகிறது. ஆகவே விழித்திரை என்பது மூளையோடு இணைக்கப்பட்ட ஒரு வெளிக்கருவி அன்று; மூளையே முகத்தளவும் நீண்டு வந்து உலகைப் பார்க்கிறது எனலாம். ஆயினும் பாவின் காலத்தவர் இதனை அறியார். கண்ணில் தோன்றும் மென்மையான கட்டிகள் யாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து, அவை எங்கே தொடங்கின என ஆராயாமலே இருநூறு ஆண்டுகளைக் கழித்துவிட்டனர்.

அந்நிலையை மாற்றியவர் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரத்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப். இறந்த குழந்தைகளின் கண்களை அவர் பொறுமையோடு அறுத்துப் பார்த்தார். குழந்தைகளுக்கு வரும் இக்கட்டி விழித்திரையிலேயே பிறக்கிறது என்றும், பார்வை நரம்பின் வழியே ஊர்ந்து மூளையை அடைகிறது என்றும் 1809-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். கட்டி கண்ணுக்குள் இருக்கும்போதே கண்ணை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. மயக்க மருந்து அறுவைக்கூடத்துக்கு வந்தது 1846-இல். அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், உணர்வோடு இருக்கும் குழந்தையின் கண்ணைப் பறித்தெடுக்கச் சொன்ன மருத்துவரை மற்றவர்கள் ஏற்கத் தயங்கியதில் வியப்பில்லை. கொடுமை என்றனர், பயனில்லை என்றும் கூறினர். அக்காலத்தில் அறுவைக்கு வந்த குழந்தைகளுள் பலருக்குக் கட்டி நரம்பைத் தாண்டியிருந்தமையால் அவர்கள் கூற்று மெய்போலவும் தோன்றிற்று. வார்ட்ராப் சொன்னது சரி என்பதை உலகம் ஒப்ப இரண்டு கருவிகள் வேண்டியிருந்தன. ஒன்று மயக்க மருந்து. மற்றொன்று 1851-இல் செர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்த கண்நோக்கி. அக்கருவியால் உயிருள்ள கண்ணின் பின்புறத்தை நோக்கிக் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே காண முடிந்தது. பெர்லின் நகரத்துப் பெரும் கண் மருத்துவர் வான் கிரேஃபே, கண்ணை எடுக்கும்போது பார்வை நரம்பையும் இயன்றவரை நீளமாகச் சேர்த்து வெட்ட வேண்டும் என்று கற்பித்தார். மூளைக்குப் போகும் வழியை அடைப்பதே அதன் கருத்து.

இனி, பெயர் பற்றிய வழக்கைக் காண்போம். 1864-இல் உயிரணு நோயியலின் தந்தை எனப் போற்றப்படும் ருடால்ஃப் விர்ஷோ இக்கட்டிக்கு 'விழித்திரை கிளையோமா' எனப் பெயரிட்டார். மூளையின் நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணையணுக்களுக்குக் கிரேக்க மொழியில் 'பசை' எனப் பொருள்படும் 'கிளையா' என்னும் சொல்லைச் சூட்டியவரும் அவரே. மூளையில் அத்துணையணுக்களிலிருந்து பிறக்கும் கட்டி கிளையோமா. கண்ணில் காணப்படுவதும் அதன் உடன்பிறப்பே என்பது அவர் துணிபு. ஆனால் 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் சைமன் ஃபிளெக்ஸ்னரும், 1897-இல் வியன்னாவில் வின்டர்ஸ்டைனரும் உருப்பெருக்கியின் கீழ் வேறொன்றைக் கண்டனர். கட்டியின் அணுக்கள் சிறு ரோசாப்பூவின் இதழ்கள்போல வட்டமாக அடுக்கி நின்றன. அவை ஒளியை வாங்கும் அணுக்களின் வடிவை எட்டிப் பிடிக்க முயன்று பாதியில் நின்றவைபோல் காணப்பட்டன. இது துணையணுக்களின் வேலை அன்று. எனவே முதிராத விழித்திரை அணுக்களிலிருந்து பிறந்தது எனப் பொருள்படும் 'ரெட்டினோபிளாஸ்டோமா' என்னும் பெயரை வெர்ஹோஃப் முன்மொழிய, 1926-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. விர்ஷோவின் பெயர் வழக்கொழிந்தது. அணுவின் பிறப்பைப் பொறுத்தவரை அவர் தவறியது உண்மையே. ஆனால் கண்கட்டிக்கும் மூளைக்கட்டிக்கும் உறவு உண்டு என்று அவர் கருதியது முற்றிலும் பொய்யாகிவிடவில்லை. அவர் நினைத்தே பார்த்திராத ஓரிடத்தில் அவ்வுறவு பின்னர் வெளிப்பட்டது.

அவ்விடத்தை அடையும் வழி தென்னமெரிக்காவில் தொடங்குகிறது. 1872-இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் ஹிலாரியோ டி கோவேயா என்னும் மருத்துவர் ஒரு சிறுவனின் கண்ணை எடுத்தார். சிறுவன் பிழைத்துக்கொண்டான், வளர்ந்து மணமும் புரிந்தான். அவனுக்குப் பிறந்த ஏழு மக்களுள் இரு பெண்களுக்கு இரண்டு கண்களிலும் அதே கட்டி தோன்றிற்று. அதற்கு முன் இந்நோயுற்ற குழந்தைகள் பெரும்பாலும் இறந்துவிட்டமையால் அது மரபுவழி வருமா என்று எவரும் காண வாய்ப்பே இல்லை. அறுவை வெற்றி பெற்றதனால்தான் நோயின் மரபுத்தன்மை கண்ணுக்குப் புலப்பட்டது. மருத்துவ வரலாற்றில் இது போன்ற கசப்பான வெற்றிகள் வேறும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் அறுவையோடு கதிர்வீச்சும் சேர்ந்தது. லண்டன் நகரத்து ஸ்டாலர்டு, கோபால்ட்டுத் தகட்டைக் கண்ணின் மேல் தைத்துக் கட்டியைச் சுட்டெரிக்கும் முறையை வளர்த்தார். (1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றவரும் இவரே.) வெளியிலிருந்து பாய்ச்சிய கதிர்வீச்சு பல கண்களைக் காத்தது. ஆனால் மரபுவழி நோயுற்ற குழந்தைகளுள் பலருக்கு ஆண்டுகள் பல சென்றபின், கதிர்பட்ட எலும்பிலும் தசையிலும் வேறு புற்றுநோய்கள் முளைத்தன. அக்குழந்தைகளின் கண்ணில் மட்டுமன்றி உடல் முழுவதிலுமே ஏதோ ஒரு குறை இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? அக்குறை யாது என்பதே கேள்வி.

விடை கண்டவர் ஆல்ஃபிரெட் நட்சன். இவர் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் பணியாற்றிய குழந்தை மருத்துவர். அவர் கையாண்ட கருவி கத்தியுமன்று, உருப்பெருக்கியுமன்று, வெறும் கணக்கு. 48 நோயாளிகளின் பதிவுகளை எடுத்து, எவ்வயதில் நோய் வெளிப்பட்டது, ஒரு கண்ணிலா இரு கண்களிலுமா என்று வரிசைப்படுத்தினார். இரு கண்களிலும் கட்டி வந்தவர்களுக்கு நோய் மிக இளமையில் வந்தது. அவர்களின் வரைகோடு ஒரே ஒரு தற்செயல் நிகழ்ச்சியால் விளைவது போன்ற நேர்கோடாக இருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களின் வரைகோடோ வளைந்து, இரண்டு தற்செயல்கள் ஒன்றுகூட வேண்டியதைக் காட்டியது. 1971-இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: கட்டி உருவாக ஓர் அணுவில் இரண்டு தாக்குகள் விழ வேண்டும். மரபுவழி நோயுற்ற குழந்தை முதல் தாக்கோடு பிறக்கிறது. இரண்டாவது மட்டுமே மீதி. மற்றக் குழந்தைகளுக்கு இரண்டுமே ஒரே அணுவில் பிறப்புக்கு முன்னோ பின்னோ நேர வேண்டும். அது அரிதாகவே நேரும்.

இருநிலைத் தாக்கு எனின், இரண்டு பிரதிகள் உள்ள ஏதோ ஒன்று இருமுறையும் கெட வேண்டும் எனப் பொருள். அப்படியாயின் அது புற்றை உண்டாக்கும் மரபணு அன்று. புற்றைத் தடுத்து நிற்கும் மரபணு. ஒரு காவலன் வீழ்ந்தாலும் மற்றவன் நிற்கும்வரை ஆபத்தில்லை. இக்கருத்து அந்நாளில் புதியது. இது எந்தக் குரோமோசோமில் உள்ளது என்பதற்குத் துப்பு முன்பே கிடைத்திருந்தது: 1963-இல் ஸ்டாலர்டும் லண்டன் மரபியலாரும் இந்நோயுற்ற குழந்தையொன்றின் குரோமோசோம் ஒன்றில் துண்டு குறைந்திருப்பதைக் கண்டிருந்தனர். அது 13-ஆம் குரோமோசோம் என்பது பின்னர் உறுதியாயிற்று. 1983-இல் கேவினி முதலியோர், நோயாளியின் குருதியில் உள்ள நல்ல பிரதி கட்டியினுள் காணாமற்போயிருப்பதைக் காட்டினர். 1986-இல் பாஸ்டனில் டிரையாவும், அருகிலுள்ள கேம்பிரிட்ஜில் ஃப்ரெண்டும் வைன்பெர்க்கும் கூடி அம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர். கண்டறியப்பட்ட முதற் புற்றுத்தடை மரபணு இதுவே. கட்டியின் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஆர்.பி. என அதற்குப் பெயர். அது விளைவிக்கும் புரதம் 928 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி.

இப்புரதம் என்ன செய்கிறது என்பதில்தான் இவ்வரலாற்றின் உட்பொருள் அடங்கியுள்ளது. உடலில் எந்த அணுவும் தன் விருப்பப்படி பிளந்து பெருகுவதில்லை. அண்டை அணுக்களிலிருந்து வளர்ச்சிப் பொருள் என்னும் செய்தி வருகிறது. அணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் அதனை வாங்குகின்றன. ஏற்பியின் உட்புறம் அசைய, அருகிலுள்ள புரதம் தூண்டப்படுகிறது. அது அடுத்ததைத் தூண்டுகிறது. பழங்காலத்தில் அரசனின் ஓலையைக் குதிரைவீரர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுசென்றது போல, செய்தி உட்கருவரை செல்கிறது. வழியின் கடைசியில் சைக்ளின் என்னும் புரதம் பெருகி, சி.டி.கே.4 என்னும் நொதியைக் கிளப்புகிறது. அந்நொதி போய் நிற்கும் இடம் ஆர்.பி. புரதத்தின் வாயில். அணுவின் மரபுப்பொருளை இரட்டிக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் ஈ2எஃப் என்னும் புரதத்தை ஆர்.பி. இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. நொதி பாஸ்பேட்டு அணுத்தொகுதிகளை ஆர்.பி.யின் மேல் ஏற்றினால் அதன் பிடி தளர்கிறது, ஈ2எஃப் விடுபடுகிறது, அணு பிளக்கிறது. செய்தி வராவிடில் பிடி தளராது. பி16 என்னும் மற்றொரு புரதம் அந்நொதியை அடக்கி, பிடி வீணே தளராமல் பார்த்துக்கொள்கிறது.

ஆர்.பி. இல்லாத அணுவின் நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது. அங்கே செய்தி வரவேண்டிய தேவையே இல்லை. ஓலை வந்தாலும் வராவிட்டாலும் கதவு திறந்தே கிடக்கிறது. 1988-இல் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு அழகான சான்று தந்தது: ஆய்வுக்கூடத்து அணுக்களைப் புற்றணுக்களாக மாற்றவல்ல அடினோவைரஸ், தன் புரதமொன்றால் ஆர்.பி.யையே பிடித்துக்கொள்கிறது. குழந்தையின் கண்ணில் மரபணு கெட்டதால் நேர்ந்ததையே வைரசு வேறு வழியாகச் செய்கிறது.

இங்கேதான் மூளை மீண்டும் வருகிறது. முதியோரின் மூளையில் தோன்றும் மிகக் கொடிய கட்டியாகிய கிளையோபிளாஸ்டோமா, விர்ஷோ பெயரிட்ட கிளையோமா குலத்தைச் சேர்ந்தது. அமெரிக்கப் புற்று மரபணுத் தொகுப்பாய்வினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் 206 கட்டிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மேற்சொன்ன ஆர்.பி. வழி நூற்றுக்கு 78 கட்டிகளில் எங்கேனும் ஓரிடத்தில் கெட்டிருந்தது. ஆனால் ஆர்.பி. மரபணுவே கெட்டவை சிலவே. பெரும்பாலானவற்றில் பி16-ஐ ஆக்கும் மரபணு அழிந்திருந்தது. வேறு சிலவற்றில் சி.டி.கே.4 மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. செய்தியை வாங்கும் ஏற்பியோ, அதற்கடுத்த தூதர்களோ கெட்டவை நூற்றுக்கு 88. கண்கட்டியில் காவலன் இறந்தான். மூளைக்கட்டியில் காவலன் உயிரோடிருக்கப் பொய் ஓலைகள் குவிந்தன. பிறக்கும் அணு வேறு, நோயாளியின் வயது வேறு, கெட்ட மரபணுவும் வேறு. ஆனால் கெட்ட வழி ஒன்றே. விர்ஷோ கூறிய உறவு அணுவின் குலத்தில் இல்லை. செய்தி செல்லும் பாதையில் இருக்கிறது.

இன்னும் நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. இரு கண்களிலும் மரபுவழிக் கட்டி கொண்ட குழந்தைகளுள் சிலருக்கு மூளையின் நடுவில் உள்ள பினியல் சுரப்பியிலும் அதே வகைக் கட்டி எழுகிறது. 1977-இல் இச்சேர்க்கை எடுத்துக்காட்டப்பட்டது. பின்னர் 'முப்பக்க' விழித்திரைக் கட்டி என்னும் பெயர் நிலைத்தது. மீன், தவளை, பல்லி முதலியவற்றில் பினியல் பகுதி ஒளியை உணரவல்லது. நியூசிலாந்தின் டுவாட்டாரா என்னும் ஊர்வனவற்றுக்கோ மண்டையின் உச்சியில் வில்லையும் விழித்திரையும் உள்ள மூன்றாம் கண்ணே உண்டு. மனிதரில் அச்சுரப்பி ஒளியைக் காணாது. எனினும் விழித்திரைக்குரிய சில புரதங்களை அது இன்னும் ஆக்கிக்கொண்டிருக்கிறது. நெற்றிக்கண் என்று புராணம் பேசுவதைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். குழந்தைக்கோ அது உயிருக்கு ஆபத்து.

ஆயின் ஓர் ஐயம் எழும். உடலின் எல்லா அணுக்களிலும் ஆர்.பி. இருக்க, கட்டி ஏன் கண்ணில் முதலில் தோன்றுகிறது? 1992-இல் மூன்று ஆய்வுக்கூடத்தார் ஒரே காலத்தில் சுண்டெலிகளில் அம்மரபணுவைக் கெடுத்துப் பார்த்தனர். இரு பிரதிகளும் கெட்ட கருக்கள் பிறக்குமுன்பே இறந்தன. ஒரு பிரதி கெட்ட எலிகள் வளர்ந்தன. அவற்றின் கண்ணில் கட்டி வரவில்லை! மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வந்தது. எலியை வைத்து மனிதனை அளப்பதற்கு எல்லை உண்டு என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சோதனை அரிது. மனித விழித்திரையிலேயே விடையைத் தேட வேண்டியிருந்தது. 2014-இல் வெளியான ஆய்வு, நிறத்தைக் காட்டும் கூம்பணுக்களின் இளம்பருவ அணுக்களைச் சுட்டியது. மனிதரில் அவ்வணுக்கள் முதிரும் பருவத்தில் வளர்ச்சியைத் தூண்டும் வேறு புரதங்கள் ஏற்கெனவே மிகுதியாக உள்ளன. ஆர்.பி. ஒன்றே அவற்றைத் தடுத்து நிற்கிறது. அதனை எடுத்துவிட்டால் ஆய்வுக்கூடத்திலேயே அவ்வணுக்கள் பெருகிக் கட்டியாயின. ஃபிளெக்ஸ்னர் கண்ட ரோசாப்பூ வடிவத்துக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் பொருள் கிடைத்தது.

இவ்வறிவு மருந்தாகியதா என்றால், ஓரளவே ஆகியது எனல் வேண்டும். சி.டி.கே.4 நொதியை அடக்கும் பால்போசிக்ளிப் என்னும் மருந்து 2015-இல் மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. விழித்திரைக் கட்டிக்கு அது உதவாது. தளர்த்தப்படுவதைத் தடுக்க அங்கே பிடியே இல்லை. ஆர்.பி. கெடாத மூளைக்கட்டியில் பயன் தரும் என எதிர்பார்த்தனர். 2018-இல் வெளிவந்த சோதனை முடிவில் அதுவும் பலிக்கவில்லை. பாதை ஒன்று என்று அறிந்ததனாலேயே அதனை அடைக்கும் திறம் வந்துவிடாது போலும்.

ஆனால் கணக்கும் மரபணுவும் குழந்தைகளுக்கு வேறொரு வகையில் உதவின. குடும்பத்தில் கெட்ட பிரதி இன்னதென்று தெரிந்தால், பிறந்த குழந்தையின் குருதித் துளியிலிருந்தே அதற்கு அப்பிரதி வந்துள்ளதா எனக் கூறிவிடலாம். வராத குழந்தைக்கு மாதந்தோறும் மயக்கம் கொடுத்துக் கண்ணைச் சோதிக்க வேண்டியதில்லை. வந்த குழந்தையின் கட்டியைக் கடுகளவில் கண்டு, ஒளிக்கதிராலும் குளிராலும் சுட்டுவிடலாம். கதிர்வீச்சை இயன்றவரை விலக்கி, கண்ணுக்குச் செல்லும் குருதிக்குழாய்க்குள்ளேயே மருந்து செலுத்தும் முறையும் 2006 முதல் நியூயார்க் மருத்துவர்களால் பரவலாயிற்று.

குடும்பத்தில் முன்பு எவருக்கும் வராத குழந்தைகளே பெரும்பாலோர். அவர்களுக்கு முதற்குறி கண்மணியில் தோன்றும் வெண்மை. விளக்கொளியில் அல்லது நிழற்படத்தில், கறுப்பாகவோ சிவப்பாகவோ தெரிய வேண்டிய பாவை பூனைக்கண்போல் வெளுத்துத் தெரியும். மாறுகண்ணும் சிலருக்கு முதற்குறி. 153 நாடுகளில் 2017-இல் கண்டறியப்பட்ட 4,351 குழந்தைகளைப் பற்றி 2020-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. செல்வ நாடுகளில் நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளின் நடுவயது 14 மாதம்; வறிய நாடுகளில் 30 மாதத்துக்கும் மேல். செல்வ நாடுகளில் கட்டி கண்ணுக்கு வெளியே பரவியிருந்த குழந்தைகள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. வறிய நாடுகளில் ஏறத்தாழப் பாதிப் பேர். விழிக்குப் பின்னிருந்து மூளையின் அடிவரை பார்வை நரம்பின் நீளம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். வார்ட்ராப் 1809-இல் வரைந்து காட்டிய அவ்வழியைக் கட்டி நடந்து முடிப்பது அந்தப் பதினாறு மாத இடைவெளியிலேதான்.